காய்ச்சல் வந்த லேப்டாப்

"உங்களப் பத்தி நீங்களே கொஞ்சம் சொல்லுங்க, மிஸ்டர் அபுக்ரே" என்றார் திரையின் நடுவில் உட்கார்ந்திருந்த தலைவர்.

அபுக்ரே புன்னகைத்தான். கண்ணாடி முன்னால் நின்று பழகி வைத்திருந்த புன்னகை அது. பல் வெளியே தெரியக்கூடாது, ஆனால் பல் இருக்கிறது என்பது தெரியவேண்டும். அந்த அளவில் உதட்டை நிறுத்தி, பேச வாயைத் திறந்தான்.

லேப்டாப்பின் வயிற்றுக்குள் கிர்ரென்று ஒரு சத்தம் கிளம்பியது. ஏறியது, இன்னும் ஏறியது, சட்டென்று நின்றது. திரை கறுத்துப்போனது. கறுத்த கண்ணாடியில் அவனுடைய புன்னகை மட்டும் மிச்சமிருந்தது.

அடியில் கை வைத்தவன் வெடுக்கென்று எடுத்துக்கொண்டான். சந்தை முனையில் காலையில் பயறு வடை சுடுகிறார்களே, அந்தச் சட்டிக்கும் இதற்கும் ஒரே வித்தியாசம்தான். அங்கே வடையாவது கிடைக்கும்.

நாட்டின் வடகோடியில் இருக்கும் போல்காடாங்காவில் ஏப்ரல் மாத வெயிலுக்குப் பல்லியே நிழல் தேடி ஓடும். அந்த ஊரில், ஏற்கெனவே இரண்டு பேர் உழைத்துக் களைத்து விற்ற லேப்டாப்பை நம்பி வேலைக்கு நேர்காணல் கொடுக்க உட்கார்ந்திருந்தான் அபுக்ரே. ஊரில் ஒரு நெல் கிடங்கில் சரக்குக் கணக்கு பார்ப்பவன். இப்போது கிடைக்கவிருந்தது தேமா துறைமுகத்தில் ஓர் இறக்குமதிக் கம்பெனியில் கிடங்குப் பொறுப்பாளர் வேலை. தேமாவில்தான் அவன் மனைவி தெனி, ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். அவளோடு அவர்களுடைய சின்னப் பெண்ணும். பஸ் பிடித்தால் ஒரு ராத்திரியும் அடுத்த நாள் பாதியும் ஆகிற தூரம்.

போன் அடித்தது.

"சார், கம்பெனியிலேர்ந்து எஃபுவா பேசறேன். உங்க ஸ்கிரீன் போயிடுச்சே, இருக்கீங்களா?"

நேர்காணலுக்கு நேரம் குறித்துக் கொடுத்த பெண். குரல் மென்மையானது. அந்த மென்மையே அவனைப் பதறவைத்தது.

"இருக்கேன் மேடம், இருக்கேன்! ஒரே நிமிஷம். லேப்டாப்புக்குச் சின்னதா ஒரு இது. இதோ வந்துட்டேன்!"

போனைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு லேப்டாப்பைத் தூக்கினான். அப்போதுதான் அடியில் இருந்த தலையணை கண்ணில் பட்டது. முந்தின நாள் ஒத்திகையில் கேமராவுக்குள் அவனுடைய மூக்குத் துவாரம் இரண்டு மட்டும் கம்பீரமாகத் தெரிந்ததால், உயரத்துக்காக அவனே வைத்த தலையணை. காற்றுப் போகிற துளைகளெல்லாம் பஞ்சுக்குள் புதைந்திருந்தன.

"தலையணையில படுக்க வச்சிருக்கே! தாலாட்டு ஒண்ணுதான் பாடல! அடேய் அபுக்ரே, உனக்கெல்லாம் எவன்டா கிடங்கைக் குடுப்பான்? நெல்லுக்கு மெத்தை போடுவே நீ!"

தனியாக இருந்து இருந்து அவனுக்கு வந்த பழக்கம் இது. வீட்டில் திட்டுவதற்கு வேறு ஆள் இல்லாததால் தன்னையே வாய்விட்டுத் திட்டிக்கொள்வான். பதிலுக்குத் திட்டாத ஆள் என்பதால் அதில் ஒரு சௌகரியமும் இருந்தது.

மேஜை விசிறியை இழுத்து வந்து லேப்டாப்பின் முகத்துக்கு நேராக நிறுத்தி, முழு வேகத்தில் போட்டான். லேப்டாப் கொஞ்சம் மூச்சு வாங்கியது. பொத்தானை அழுத்தினான். விளக்கு எரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்ததுபோல் ஊருக்கே கரண்ட் போனது.

லேப்டாப் பேட்டரியில் ஓடும். விசிறி ஓடாது. நின்றுபோன விசிறியைக் கையால் சுற்றிவிட்டுப் பார்த்தான். அது நாலு சுற்று சுற்றி, மரியாதைக்கு இவ்வளவு போதும் என்பதுபோல் நின்றது.

அடுத்தது ஈரத் துண்டு. வாளியில் முக்கிப் பிழிந்து, லேப்டாப்பின் இடுப்பைச் சுற்றிக் கட்டினான். கட்டி முடிக்கும்போது வாசலில் நிழல் விழுந்தது. வீட்டுக்காரர் அகுருகு.

"யாருக்குடா காய்ச்சல்?"

"லேப்டாப்புக்கு, பெரியவரே."

"வாந்தி எடுத்துச்சா?"

"எடுத்தாத் தேவலை. பேச மாட்டேங்குது. அந்தப் பக்கம் தேமாவுல மூணு பேர் கோட்டு போட்டுக்கிட்டு எனக்காகக் காத்துக்கிட்டிருக்காங்க."

அகுருகு அந்தக் காலத்தில் லாரி ஓட்டியவர். சூடாகிற எதைப் பார்த்தாலும் அவருக்கு உற்சாகம் வந்துவிடும். துண்டை அவிழ்த்துப் போட்டு, லேப்டாப்பைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார்.

"உள்ள தூசி அடைச்சிருக்கு. ஊதணும். என் சைக்கிள் பம்பு இருக்கு."

"அது சைக்கிளுக்கு, பெரியவரே."

"காத்துக்குத் தெரியுமா அது சைக்கிளா, உன் பொட்டியான்னு?"

பதில் இல்லாத இடத்தில் சம்மதிப்பது அபுக்ரேயின் குணம். லேப்டாப்பை அவன் பிடித்துக்கொள்ள, அகுருகு பம்பின் வாயைத் துளையில் வைத்து ஓங்கி அழுத்தினார். எத்தனை வருஷத்துப் பாலைக்காற்றுப் புழுதி உள்ளே குடியிருந்ததோ, அத்தனையும் மறுபக்கம் வழியாக ஒரே மூச்சில் வெளியேறி, அபுக்ரேயின் முகத்திலும் வெள்ளைச் சட்டையிலும் வந்து உட்கார்ந்தது. நடுவே ஒரு கரப்பான் பூச்சியின் கால்.

"பாத்தியா? சுத்தமாயிடுச்சு!" என்றார் அகுருகு.

"அது சுத்தமாயிடுச்சு, பெரியவரே. நான்தான் இப்ப அதோட உள்பக்கம் மாதிரி இருக்கேன்."

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான். சட்டை துடைக்கத் துடைக்கப் பரவியது. நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான்.

"எதுக்குடா இந்தப் பாடு? இங்க இல்லாத கிடங்கா? சம்பளம் கூடவா?" என்று கேட்டார் அகுருகு.

"சம்பளம் கிடக்குது. போன வாரம் தெனி வீடியோவுல கூப்பிட்டா. 'அப்பா எங்கடி செல்லம்'னு பாப்பாவைக் கேட்டா. அது ஓடிப்போய் போனைத் தூக்கிக் காட்டுது. சரி, நான் அதுலதானே தெரியறேன்னு நினைச்சேன். மறுநாள் போன் சார்ஜ்ல கிடந்துச்சாம். பாப்பா அதுகிட்ட ஒரு வாய் கஞ்சியைக் கொண்டுபோய் ஊட்டிக்கிட்டிருந்துச்சாம். 'அப்பா சாப்டு, அப்பா சாப்டு'ன்னு." அபுக்ரே மூக்கை உறிஞ்சினான். தூசியாகக்கூட இருக்கலாம். "எனக்குத் திறமையெல்லாம் பெரிசா கிடையாது. விண்ணப்பத்துல 'கணினியில் நிபுணர்'னு எழுதியிருக்கேன். அந்த நிபுணர் யோக்யதையைத்தான் நீங்க காலையிலேர்ந்து பாத்துக்கிட்டிருக்கீங்க."

அகுருகு எழுந்து போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு கறுப்புக் கோட்டு இருந்தது.

"என் கல்யாணத்துக்குத் தைச்சது. போடு. சட்டை அழுக்கு தெரியாது."

கோட்டு அபுக்ரேயின் முட்டி வரை வந்தது. கம்பளித் துணி. அந்த வெயிலில் அதைப் போட்டுக்கொண்டதும், லேப்டாப் என்ன கஷ்டப்படுகிறது என்பது அவனுக்கு உள்ளபடியே புரிந்தது.

அகுருகுவின் மனைவி ஐஸாக உறைந்த தண்ணீர்ப் பாக்கெட்டுகள் சிலவற்றைக் கொடுத்தார். முற்றத்து வேப்பமர நிழலில் ஒரு ஸ்டூல் போட்டு, பாக்கெட்டுகளை அடுக்கி, மேலே லேப்டாப்பை வைத்தான். நல்ல யோசனைதான். லேப்டாப்பின் உறுமல் அடங்கியது. அபுக்ரே மறுபடி நேர்காணலுக்குள் நுழைந்தான்.

மூன்று பேரும் இருந்தார்கள். ஆனால் ஏதோ மாறியிருந்தது. இடதுபக்கம் இருந்த அம்மாள் கைக்குட்டையால் வாயைப் பொத்தியிருந்தார். வலதுபக்கத்து இளைஞர் முகத்தை முழுக்க அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். தலைவரின் கண் சிவந்திருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே மிளகாய் சாப்பிட்டுவிட்டார்களா என்று அபுக்ரே யோசித்தான்.

"வாங்க, வாங்க. அவசரமே இல்ல" என்றார் தலைவர். "கோட்டு ரொம்ப நல்லாருக்கு."

"நன்றி சார். எப்பவும் போடறதுதான்."

கைக்குட்டை அம்மாள் இருமினார்.

"உங்க அனுபவத்தைச் சொல்லுங்க."

"சார், நெல் கிடங்குல நான்…"

நான், நான், நான் என்று அவன் குரலே பின்னாலிருந்து எதிரொலித்தது. லேப்டாப்புக்குக் காதும் போய்விட்டது என்று முடிவுகட்டி, இன்னும் உரக்கப் பேசினான். அதைக் கேட்டு, முற்றத்தின் மூலையில் மேய்ந்துகொண்டிருந்த அகுருகுவின் கினிக்கோழிகள், யாரோ தங்களைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து ஓடி வந்தன. அவற்றின் சத்தம் கேட்டவர்களுக்குத் தெரியும். துருப்பிடித்த நூறு கதவுகளை ஒரே நேரத்தில் திறந்தால் எப்படி இருக்கும், அப்படி.

"யார் அங்க?" என்றார் தலைவர்.

"அது… அக்கம்பக்கத்து அலுவலகம், சார்."

அந்த அலுவலகத்தின் மூத்த உறுப்பினர் ஒன்று, பாக்கெட்டில் தண்ணீர் உருகுவதைப் பார்த்து நேராக வந்து ஒரு கொத்து கொத்தியது. பாக்கெட் பீய்ச்சியது. தண்ணீர் லேப்டாப்பைத் தொடுவதற்குள் அபுக்ரே அதை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிவிட்டான். தண்ணீர் அவன் கால்சட்டை முழுவதையும் நனைத்தது. கோழிகள் காலைச் சுற்றிக்கொண்டு நனைந்த துணியைக் கொத்த, அவன் லேப்டாப்பைத் தூக்கிப் பிடித்தபடியே முற்றம் முழுக்க ஓடினான். ஓடியது வெயிலில். லேப்டாப் ஒருமுறை கிர்ரென்றது. மறுபடி உயிரை விட்டது.

"போச்சு! கோழி ஜெயிச்சுடுச்சு! படிச்ச மனுஷன் தோத்துட்டான்! அபுக்ரே, நீ தேமாவுக்குப் போக வேண்டாம்டா. இந்தக் கோழியை அனுப்பு. அதுக்கு எங்க கொத்தணும்னு தெரியுது!"

ஆனாலும் அவன் நிற்கவில்லை. நின்றால் அழுதுவிடுவோம் என்று தெரிந்திருந்தது. தெருவுக்கு எதிர்ப்பக்கம் ஒரு ஜெனரேட்டர் படபடத்துக்கொண்டிருந்தது. அசிபி அக்காவின் ஐஸ் மீன் கடை. ஊருக்கே கரண்ட் போனாலும் அங்கே போகாது. கடைக்குப் பின்னால் ஆள் நுழைகிற அளவு குளிர் அறை ஒன்று உண்டு. லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முட்டி வரை கோட்டும், நனைந்த கால்சட்டையுமாக அவன் தெருவைக் கடந்ததைப் பார்த்து, ஒரு மோட்டார்சைக்கிள்காரர் மரியாதையாக நிறுத்தி வழிவிட்டார். சாவு வீட்டுக்குப் போகிறவன் என்று நினைத்திருக்கவேண்டும்.

"அக்கா, உங்க ஐஸ் ரூம்ல கொஞ்ச நேரம் உக்காந்துக்கட்டுமா?"

அசிபி அக்கா, மீன் வெட்டிக்கொண்டிருந்த கத்தியை நிறுத்தாமல் நிமிர்ந்து பார்த்தார்.

"மீனாவா, ஆளாவா?"

விஷயத்தைச் சொன்னான். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"நேர்காணலா? இப்படியா? தம்பி, நான் சொல்றதக் கேளு. ஆஸ்பத்திரியில சேத்திருக்காங்கன்னு சொல்லிடு. நான் பின்னாடி நின்னு அழறேன். என் அழுகை ஊர்ல பேர் போனது. நாள் தள்ளிக் குடுப்பாங்க."

"நிஜமாவா அக்கா?"

அசிபி அக்கா ஒருமுறை அழுது காட்டினார். மீன் வாங்க வந்த அம்மாள் ஒருவர் பையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்து அவரைக் கட்டிக்கொண்டார். அவ்வளவு நல்ல அழுகை.

அபுக்ரே ஒரு கணம் ஆடிப்போனான். பிறகு தலையை ஆட்டினான்.

"வேணாம்கா. நான் பொய் சொன்னா அது எனக்கு முன்னாடியே தூங்கிப்போயிடும். நாளைக்கு என்ன வியாதின்னு கேட்டா எனக்கே மறந்திருக்கும். உள்ள மட்டும் விடுங்க."

குளிர் அறைக்குள் நுழைந்ததும் உயிர் வந்தது. லேப்டாப்பை மீன் பெட்டி ஒன்றின் மேல் வைத்தான். அது ஆறும்வரை சும்மா இருக்க முடியாமல் சுற்றிலும் பார்த்தான். பார்த்ததும் அவனுக்குள் இருந்த நெல் கிடங்குக்காரன் விழித்துக்கொண்டான்.

"அக்கா! என்ன இது? புதுசா வந்த பெட்டியெல்லாம் முன்னாடி, பழசெல்லாம் சுவரோரமா? முன்னாடி இருக்கறதையே எடுத்து வித்துக்கிட்டிருந்தா பின்னாடி இருக்கறது வீணாப் போகாதா?"

"எட்டற இடத்துல இருக்கறதத்தானே எடுக்க முடியும்?"

"அதுக்குத்தான் மாத்தணும்ங்கறேன். நகருங்க. இந்தக் கானாங்கெளுத்தி எப்ப வந்தது? இது? அடக் கடவுளே, இதுக்குப் பேரன் பிறந்திருக்கும்! இதை இன்னிக்கே தள்ளுங்க, பாதி விலைக்காவது. சுவரை ஒட்டி வைக்காதீங்க, குளிர் சுத்தி வர வழி வேணும். லேப்டாப் மாதிரிதான் இதுவும். மூச்சு விட இடம் குடுக்கணும்."

நேர்காணல், கோட்டு, குளிர் எல்லாவற்றையும் மறந்து, பெட்டிகளை இழுத்தான், தூக்கினான், அடுக்கினான். அசிபி அக்கா வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். நனைந்த கால்சட்டை விறைத்து, நடக்கும்போது தகரம் மாதிரி சத்தம் போட ஆரம்பித்த பிறகுதான் அவனுக்கு நேர்காணல் நினைவு வந்தது.

லேப்டாப் ஜில்லென்று இருந்தது. பொத்தானை அழுத்தினான். உறுமாமல், முனகாமல், புதுப்பெண்ணைப்போல் அமைதியாகத் திறந்துகொண்டது.

மூவரும் இன்னும் இருந்தார்கள்! இத்தனை நேரம் காத்திருக்கிறார்களே, வேறு வேலையே கிடையாதா இவர்களுக்கு என்று அவனுக்கு வியப்பாக இருந்தது. கேமராவில் பனி மூட்டம் படிந்திருந்ததால், திரையில் அவனுடைய உருவம் மேகத்துக்குள் கோட்டு போட்ட ஆவி மாதிரி தெரிந்தது. பற்கள் தந்தியடித்தன. பழகி வைத்த புன்னகை இப்போது தானாகவே நடுங்கிக்கொண்டிருந்தது.

"ரொம்ப மன்னிக்கணும், சார்."

"பரவாயில்ல, பரவாயில்ல." தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. நெருக்கடி வந்தா நீங்க எப்படி நடந்துக்குவீங்க?"

அபுக்ரேவுக்கு உள்ளம் குளிர்ந்தது. உடம்பு ஏற்கெனவே குளிர்ந்திருந்தது. அவன் மனப்பாடம் செய்து வைத்திருந்த பதில்களிலேயே மிக அழகானது இந்தக் கேள்விக்குத்தான்.

"சார், நெருக்கடின்னா நான் ர-ரொம்ப நிதானமாயிடுவேன். பதறவே மாட்டேன். கு-குரல் உயராது. யாரையும் ஒரு வார்த்தை கடிஞ்சு பேசமாட்டேன். அமைதியா ஒரு இடத்துல உக்காந்து, ஒவ்வொரு ப-படியா யோசிச்சு, சரியான வழியை முதல்லயே கண்டுபிடிச்சிடுவேன். ஓடறது, க-கத்தறது இதெல்லாம் எனக்குப் பழக்கமே இல்ல, சார்."

கைக்குட்டை அம்மாள் மேஜைக்கு அடியில் எதையோ தேடுவதுபோல் குனிந்தார். குனிந்தவர் மேலே வரவே இல்லை. தலைவர் ஒரு கையால் கண்ணை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

"போதும், மிஸ்டர் அபுக்ரே" என்றார் மூச்சு வாங்கியபடி. "இதுக்கு மேல… என்னால… போதும்."

திரை மூடியது. இந்தமுறை லேப்டாப் தானாக அணையவில்லை. அவர்கள்தான் அணைத்தார்கள்.

அபுக்ரே மீன் பெட்டியின் மேல் உட்கார்ந்தான்.

"என்ன சொன்னாங்க, தம்பி?" என்று அசிபி அக்கா கதவருகே நின்று கேட்டார்.

"அழுதுட்டார், அக்கா. தலைவர் அழுதுட்டார். இத்தனை வருஷத்துல இப்படி ஒரு ஆளைப் பாத்ததில்ல போலிருக்கு. கம்பெனியோட கதியை நினைச்சுக் கண்ணீர் விட்டிருப்பார். ஆனா கடைசிக் கேள்விக்கு மட்டும் நல்லாப் பதில் சொன்னேன்கா. அதுல ஒரு குறையும் சொல்ல முடியாது."

"விடு. இன்னொரு வேலை வராமலா போயிடும்? எனக்கே பெட்டி அடுக்க ஆள் வேணும்."

"இல்லக்கா. நான் வீட்டுக்குப் போறேன். தெனிகிட்ட எப்படிச் சொல்றதுன்னு யோசிக்கணும். பாப்பாகிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம். அதுக்கு நான் போனாவே இருந்துட்டுப் போறேன்."

அவன் லேப்டாப்பை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டு எழுந்தான். அசிபி அக்கா அவன் மார்பையே உற்றுப் பார்த்தார். கோட்டுக்குள்ளிருந்து மெல்லியதாக ஏதோ கீச்சுக்குரல் கேட்டது.

"தம்பி, உன் நெஞ்சு பேசுது."

அபுக்ரே கோட்டைத் திறந்து, புழுதிச் சட்டையின் பைக்குள் விறைத்த விரல்களை விட்டுப் போனை எடுத்தான். அது கையில் சூடாக இருந்தது. காதில் வைத்தான்.

"சார், எஃபுவா பேசறேன்" என்றது அந்த மென்மையான குரல். அதற்குப் பின்னால் ஓர் அறை நிறையச் சிரிப்புச் சத்தம். "அடுத்த வாரமே வந்து வேலையில சேரச் சொல்றார் தலைவர், இப்பவாவது போனைக் கட் பண்ணுங்க சார், காலையில நீங்க இதைப் பைக்குள்ள போட்டதிலேர்ந்து இங்க ஒருத்தரும் வேலையே பாக்கல."